விற்றவனுக்கு வந்த ரொட்டி

மெக்கானிக் கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மனைவி அவசரப்படுத்தினாள். "சீக்கிரம் வாங்க! பூங்காவுல நாடகமாம். பாக்க வர்றவங்களையே நடிக்க வைக்கறாங்களாம்."

அவன் மனம் வேறெங்கோ இருந்தது. சொந்தமாகப் பட்டறை போட வேண்டுமென்பது அவனது நெடுநாள் ஆசை. "ரெண்டு கிட்னியில ஒண்ணைக் குடுங்க, பட்டறை உங்களுது" என்று ஒரு தரகர் தூண்டில் போட்டிருந்தார். திங்கட்கிழமை பரிசோதனை. மனைவியிடம் அவன் மூச்சு விடவில்லை.

பூங்காவில் நீளமாக ஒரு மேசை. நாடகக்காரி மணியடித்துக் கூவினாள். "உலகச் சந்தை! கிட்னி விக்கறவங்க யாராவது வாங்க!"

மனைவி சிரித்துக்கொண்டே அவனைப் பிடித்துத் தள்ளினாள். அவனுக்குத் திக்கென்றது. வேறு வழியின்றி விற்பவன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மற்ற வேடங்களுக்கும் கூட்டத்திலிருந்தே ஆட்கள் வந்தார்கள். மறுகோடியில் வாங்குபவராக உட்கார்ந்த ஒரு தையல்காரர் முழு ரொட்டி ஒன்றை அவன் பக்கமாகத் தள்ளிவிட்டார். அதுதான் கிட்னியின் விலை. நடுவில் வெளிநாட்டுத் தரகராக உட்கார்ந்திருந்த ஒரு குண்டு மாமா பாதியை வாயில் அடைத்துக்கொண்டார். பொய்ச் சான்றிதழ் தருபவர் ஒரு பிடி, கண்டுகொள்ளாத அதிகாரி ஒரு பிடி, உள்ளூர்த் தரகர் ஒரு பிடி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. மெக்கானிக்கிடம் வந்து சேர்ந்தது கருகிய ஓரம்தான்.

"நிஜத்துலயும் இப்படித்தானா?" என்றான்.

"இந்த ஓரம்கூடக் கிடைக்காம, உடம்பும் கெட்டு அலையறவங்க நிறைய பேர் இருக்காங்க அண்ணே" என்றாள் நாடகக்காரி.

அவன் முகம் வெளிறியதை மனைவி கவனித்துவிட்டாள். அவள் அருகில் வந்து கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவளுக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடியே குரல் உயர்ந்தது. "என்னைக் கேக்காம எப்படி விப்பீங்க? கல்யாணத்தன்னிக்கு முழுசாத்தானே வாங்கினேன்!"

பூங்காவே அதிர்ந்து சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அங்கேயே தரகருக்குப் போன் போட்டான்.

"திங்கட்கிழமை நான் வரலைங்க."

"என்ன அண்ணே, ரெண்டுல ஒண்ணுதானே?"

"உங்களுக்கும் ரெண்டு இருக்கே! முதல்ல உங்களோடதை வித்துட்டு வாங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. மெக்கானிக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "வண்டிக்குத்தாங்க ஸ்பேர் பார்ட்ஸ், மனுஷனுக்கு இல்ல. உயிரைக் காப்பாத்த மனசாரக் குடுத்தா அது தானம். இல்லாதவன்கிட்ட ஆசை காட்டிப் பிடுங்கினா அது கொள்ளை. அந்தக் கொள்ளைக்கு நாமளே கதவைத் திறந்துவிடக் கூடாது."