காய வைத்த வண்டி

மோட்டார் சைக்கிள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஏலக்காய்க் குடோனின் இரும்பு உத்தரத்திலிருந்து இறங்கிய சங்கிலியில், உரித்துத் தொங்கவிட்ட கிடாய் மாதிரி, முன்சக்கரம் போடிமெட்டுப் பக்கம் திரும்புவதா கம்பம் பக்கம் திரும்புவதா என்று முடிவுக்கு வராமல் மெல்ல ஆடிக்கொண்டு, அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார் சுருளிவேல், நாம் பார்க்கிறோம் என்று தெரிந்தே அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நடிக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம், கொக்கித் தராசின் முள் ஓரிடத்தில் நின்றதும், நூத்தி அறுவத்தி ரெண்டு மாமா, போன வாட்டிக்கு நாலு கிலோ கம்மி, என்கிறான் மெக்கானிக் அபுதாகிர், முள்ளப் பாத்துச் சொல்றியா என் மூஞ்சியப் பாத்துச் சொல்றியா மாப்ள, என்கிறார் இவர், தாகிர் முள்ளையே பார்க்கிறான், முகத்தைப் பார்க்காதவனை நம்பக் கூடாது, பார்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டார், போடியில் ஆயுசு முழுக்க ஏலக்காய் வாங்கி விற்றவர், எடை என்று வந்துவிட்டால் பெற்ற தாய் புடைத்துவைத்த முறத்தையும் ஒரு தரம் தூக்கிப் பார்க்கிற ஆள், குமுளிப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருத்தர் எடை கூட வேண்டுமென்று மூட்டைக்குள் மேகத்தைத் திணித்துத் தைத்துக்கொண்டு வந்ததும், இவர் மூட்டையின் வாயைப் பிரித்ததும் குடோனுக்குள் மழை பிடித்துக்கொண்டதும், இவர் குடையை விரித்துப் பிடித்தபடியே நிறுத்து, மழையைக் கழித்து எடை சொன்னதும் போடியில் எல்லாருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்கு அவரே சொல்வார்.

எடை குறைந்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள், இல்லாவிட்டால் வண்டி கையைவிட்டுப் போய்விடும், தார் ரோட்டிலும் ஓடும், ரோடே இல்லாத மலையிலும் ஏறும் என்று சொல்லி விற்ற வண்டி, குதிரை உயரம், எருமைக் கனம், ஒருநாள் குரங்கணிக்கு மேலே ஓடையைக் கடக்கையில் பாசிக் கல்லில் வழுக்கிச் சாய்கிறது, தூக்கிப் பார்க்கிறார், வரவில்லை, திட்டிப் பார்க்கிறார், அதற்கும் வரவில்லை, டீக்கடையில் அவர் சொன்ன கதை வேறு, வண்டிக்குத் தாகம், ஓடையைக் கண்டதும் தானாகப் படுத்துக்கொண்டது, தண்ணி குடிக்கிற ஜீவனை எழுப்பினால் பாவம் என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன், என்று, நடந்தது என்னவென்றால் தோட்ட வேலை முடிந்து இறங்கிய பெண்கள் மூன்று பேர் சும்மாட்டைக்கூட அவிழ்க்காமல் வண்டியைக் குடம் மாதிரி தூக்கி நிறுத்தினார்கள், வண்டிய வச்சுக்கிட்டு ஏன் தாத்தா தண்ணிக்குள்ள குத்தவச்சிருக்கீக, என்று சிரித்துக்கொண்டே போனார்கள், அந்தச் சிரிப்பு அவருக்கு முன்னாலேயே மலையிறங்கி மகள் ஜெயக்கொடியின் காதுக்குப் போய்விட்டது, அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், சாதாரணமாகப் பேசினாலே எதிரில் இருப்பவர்கள் வரிசையில் நின்றுவிடுவார்கள், அந்தப் பொம்பளைக வரலைன்னா என்னப்பா பண்ணியிருப்பீங்க, வண்டி குடிச்சு முடிச்சிருக்கும் தாயி, வெளையாடாதீங்க, ஞாயித்துக்கெழம காலையில நானே வாசல்ல வண்டியச் சாய்ப்பேன், ஒத்தையாத் தூக்கி நிறுத்துங்க, நிறுத்திட்டா நான் வாயத் தெறக்க மாட்டேன், இல்லைன்னா கம்பத்துல ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருக்காரு, அன்னைக்கே வந்து ஓட்டிக்கிட்டுப் போயிருவாரு, சொல்லும்போது அவள் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, வாங்குகிற ஆளை முதலிலேயே பேசிவைத்துவிட்டுப் போட்டி வைக்கிறாளே, இது என்ன போட்டி என்று அப்போதே குறித்துக்கொண்டார்.

அதிலிருந்து கழற்றல்தான், தாகிர் ஸ்பானரும் கையுமாகக் கீழே படுத்துக் கிடக்கிறான், நடு ஸ்டாண்டு போகிறது, முன்னால் இருந்த இரும்புக் கூண்டு போகிறது, பெரிய சைலன்சர் போய்க் குழல் மாதிரி ஒன்று வருகிறது, பின்னால் உட்காருபவர் கால் வைக்கிற கட்டை, கண்ணாடி, பழைய பேட்டரி, எல்லாம் போகிறது, போனதெல்லாம் சுருளிவேலின் கட்டிலுக்கடியில், கடையில் விட்டால் தாகிர் பழையபடி மாட்டிவிடுவான் என்று, கடைசியாகப் பின்சக்கரத்தின் ஓரத்தில் சேலை மாட்டாமலிருக்கப் போட்ட கம்பி வலையைத் தட்டிக் காட்டி, இது எதுக்கு மாமா இனிமே, என்று கேட்டுவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொள்கிறான், மனைவி பேச்சியம்மா ஒருபக்கமாக உட்கார்ந்து வருகிறாள், வருகிறாளா வந்தாளா, போடிமெட்டு வளைவுகளில் அவள் கை இவர் தோளை ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தரம் அழுத்துகிறது, மேலே போய், அதற்கும் மேலே போய், தார் முடிந்து மண்ணும் முடிந்து புல் தொடங்குகிற இடத்தில் நிறுத்துகிறார், ரோடு முடிஞ்சிருச்சே, என்கிறார், ரோடுதான முடிஞ்சிருக்கு, மல முடியலையே, என்கிறாள், பஸ் போகிற இடத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம், ரோடு முடிந்த பிறகு இருக்கிற மலைக்கு இந்த வண்டியை விட்டால் வேறு நாதியில்லை, கழட்டு மாப்ள, என்கிறார், கம்பி வலையைக் கையில் வாங்கினால் கோழி இறகுக்குக் காணாது, ஆனால் அதைக் கழற்றிய அன்றைக்குத்தான் வண்டி முதன்முதலாகக் கனத்தது.

அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை, தராசில் ஏற்ற ஏற்ற முள் இறங்குகிறது, காலையில் வாசலில் சாய்த்து வைத்துத் தூக்கிப் பார்த்தால் நேற்று முழங்கால் வரைக்கும் வந்தது இன்றைக்குக் கணுக்காலைத் தாண்டவில்லை, யாரோ கூட்டுகிறார்கள், தாகிரா, கம்பத்துக்காரன் தாகிரைப் பிடித்துவிட்டானா, கைப்பிடிக் குழாய்க்குள் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார், ஈயம் ஊற்றியிருப்பானோ என்று, சீட்டுக்கடியில் கைவிட்டுத் துழாவினார், ஜெயக்கொடி கோலமாவு டப்பாவைத் தேடினால்கூட எதற்குத் தேடுகிறாள் என்று பின்னாலேயே போய் நின்றார், என்னப்பா, ஒண்ணுமில்ல தாயி, டயரில் இருந்த காற்றைப் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டு, இது தேனிக் காத்து, தூசி சாப்பிட்ட காத்து, அதான் கனம், என்று தாகிரைப் போடிமெட்டுக்கு அனுப்பிக் கை பம்ப்பால் மலைக் காற்று அடித்துவரச் சொன்னார், அவன் போனானா, முந்தல் அடிவாரத்திலேயே அடித்துக்கொண்டு திரும்பினானா, அதற்கும் சாட்சியில்லை, அப்புறம் மூன்று நாள் விடாமல் சாரல், அந்தச் சாரலில்தான் அவருக்குப் புத்தியில் உறைத்தது, அட, மழைக்காலத்தில் காய்ந்த காயே காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போகுமே, இது வாசலில் நிற்கிற வண்டியாச்சே, இரும்பு ஈரம் குடிக்குமா மாமா, என்கிறான் தாகிர், ஏலக்கா குடிக்குமா, குடிக்கும், அதுக்கு வாய் இருக்கா, இல்ல, இதுக்கு டேங்கே இருக்குடா, என்கிறார் இவர், பெட்ரோலை இறக்கிவிட்டு, தெரிந்தவர் ஸ்டோரில், காய் உலர்த்துகிற சூட்டறையில், பச்சை ஏலக்காய்த் தட்டுகளுக்கு நடுவே வண்டியைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள், காய் காய்கிற மட்டும் வண்டியும் காய்ந்தது, திறந்து பார்த்தால் சீட்டு பாளம் பாளமாக வெடித்திருக்கிறது, பிளாஸ்டிக் மட்கார்டு அப்பளம் மாதிரி சுருண்டிருக்கிறது, சுருண்டதையும் பிடுங்கிப் போட்டதில் இன்னும் கொஞ்சம் லாபம், பார்த்தியா எவ்வளவு ஈரம், என்கிறார், வண்டியிலிருந்து கிளம்பிய ஏலக்காய் மணத்துக்கு வழிநெடுக வண்டு பின்னால் வந்ததென்றும், சோதனைச்சாவடியில் நிறுத்தி, சரக்குக்குப் பில் எங்கே என்று கேட்டதால் வண்டியையே மோந்துகொள்ளச் சொல்லிவிட்டு வந்ததாகவும் பிற்பாடு சொன்னார், வண்டு வந்தது உண்மையாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, வெயில் அப்போதுதான் வாசலுக்கு இறங்குகிறது, ஜெயக்கொடி வண்டியை ஒரு கையால் சாய்த்துப் படுக்கப் போடுகிறாள், அவ்வளவு லேசாகப் போடுகிறாளே என்று அதிலும் இவருக்கு ஒரு கண், வேடிக்கை பார்க்க வந்த தாகிர் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், தூக்குங்கப்பா, மூணு வாய்ப்பு, பள்ளிக்கூடத்துல நீளம் தாண்டுறவங்களுக்குக் குடுக்கிற மாதிரி, என்கிறாள், வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டில் புட்டத்தை அண்டக் கொடுத்து, ஒரு கை கைப்பிடியில் ஒரு கை பின்கம்பியில், காலால் உந்த வேண்டும், அதுதான் முறை, உந்துகிறார், வண்டி கேட்டுக்கொள்ளவே இல்லை, மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி உந்துகிறார், முழங்கால் வரை வருகிறது, படீரென்று விழுகிறது, அந்த நிமிஷம்தான் அவருக்குத் தெரிகிறது, யாரும் எதையும் கூட்டவில்லை, குழாய்க்குள் ஈயம் இல்லை, ஓடையில் மூன்று பெண்கள் சிரித்துக்கொண்டு தூக்கியது இதைவிடப் பெரிய கனத்தைத்தான், பிடுங்கிப் போட முடியாத ஏதோ ஒன்று பிடுங்கிப் போட்ட எல்லாவற்றையும்விடக் கனமாக வண்டிக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, போதும்ப்பா, என்கிறாள், குரலில் விசில் இல்லை, இன்னும் ஒண்ணு இருக்குல்ல, என்கிறார், மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு உந்துகிறார், வண்டி எழுகிறது, கணுக்கால், முழங்கால், தொடை, தயிரிலிருந்து வெண்ணெய் எழுவதுபோல, சங்கிலியில் தொங்குவதுபோல, இவ்வளவு லேசாக எழக் கூடாதே என்று உள்ளே இருக்கிற வியாபாரி விழித்துக்கொள்கிறான், ஒரு மூட்டையில் கால் கிலோ குறைந்தால் கண்டுபிடிக்கிற கை, இப்போது பாதிக்குப் பாதி குறைகிறது, கண்ணைத் திறக்கிறார், காலை வெயில் பின்னாலிருந்து விழுகிறது, முன்னே தரையில் நீளமாக அவர் நிழல், அதன் மேல் வண்டி நிழல், வண்டி நிழலுக்கு அடியில் அணைத்துப் பிடித்த இரண்டு கை, வளையல் நிழல்கூடத் தெளிவாகத் தெரிகிறது, யாருடா அது கைய எடு, என்று தராசில் கை வைத்தவர்களைப் பார்த்து ஆயுசு முழுக்கக் குடோனே அதிரக் கத்தியவர், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, வாயை மூடிக்கொண்டார்.

வண்டி நேராக நிற்கிறது, தூக்கிட்டீங்கப்பா, ஒத்தையாத் தூக்கிட்டீங்க, என்கிறாள் ஜெயக்கொடி முதுகுக்குப் பின்னாலிருந்து, அவளுக்குத்தான் மூச்சு வாங்குகிறது, யாரு இல்லைன்னது, என்கிறார் சுருளிவேல், தாகிரண்ணே, கம்பத்துக்காரர்கிட்ட வேணாம்னு சொல்லிருங்க, என்கிறாள், தாகிர் வேப்பமரத்தைப் பார்த்தபடியே தலையாட்டுகிறான், சுருளிவேல் திரும்பினால் மகளின் முகம் தெரியும், முகம் தெரிந்தால் கையும் தெரியும், சங்கிலியும் உத்தரமும் இல்லாமல் வண்டி அவர்கள் இருவருக்கும் நடுவே அந்தரத்தில் நிற்கிறது, அதன் எடை இப்போது எவ்வளவு என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது, அவள் நிதானமாகக் கையை எடுத்துக்கொள்ளட்டும் என்று, முன்சக்கரம் காட்டுகிற மலையைப் பார்த்துக்கொண்டு, திரும்பாமல் நிற்கிறார்.