கண்ணகிக்காக வைத்திருந்த கால்

வெள்ளிமலையில் பஸ் நின்றதும் கண்ணகி கடைசி ஆளாகத்தான் இறங்கினாள். அப்பா முனியன் ஓடிவந்து பையைப் பிடுங்கிக்கொண்டார்.

"பெரிப்பா பன்னெண்டு நாளா உன்ன எதிர்பாத்துக்கினு இருக்காரு. மொதல்ல அங்க போய்ட்டு அப்புறம் வூட்டுக்குப் போலாம்."

அவர் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்ததும், மலைப்பாதை முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு வந்த வாக்கியம் வெளியே வரவில்லை. நான் பெயிலாயிட்டேன்ப்பா. அவ்வளவுதான் வாக்கியம்.

மருத்துவக் கல்லூரியில் அவளோடு சேர்ந்தவர்கள் நூற்றைம்பது பேர். நூற்று நாற்பத்தொரு பேர் முதல் வருஷத்தை ஒரே மூச்சில் தாண்டிப் போனார்கள். மீதி ஒன்பது பேரில் எட்டுப் பேர் துணைத்தேர்வில் தப்பித்துக்கொண்டார்கள். மிச்சம் நின்றது இவள் ஒருத்தி. அந்த முடிவு வந்த அன்றைக்குப் போனில் "பாஸுப்பா" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பொய்க்கு ஊரே பொங்கல் வைத்துச் சாப்பிட்டது. ஜூனியர்களோடு உட்கார்ந்து மறுபடி எழுதிய உடற்கூறியலும் முந்தாநாள் ஊற்றிக்கொண்டது. எழுத்துத் தேர்வு பரவாயில்லை, வாய்மொழித் தேர்வில்தான் மாட்டிக்கொண்டாள். பாதத்து ரத்தக்குழாய் எங்கே துடிக்கும், தொட்டுக் காட்டு என்று தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டார். இடம் தெரியும். ஆனால் கேள்வி காதில் விழுந்ததுமே கை வெடவெடவென்று நடுங்கியது. அவர் பேனாவை மூடிவிட்டார்.

பெரியப்பா இருசப்பன் வாசலில் பாயில் உட்கார்ந்திருந்தார். மரவள்ளிக் காட்டில் கட்டை குத்திய கால். அதோடு சர்க்கரை வேறு. பெரியம்மா பச்சையம்மாள் துணியை அவிழ்த்தபோது வந்த வாடையில் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன.

"கரியாலூர் ஆசுபத்திரிக்கு ஏன் போவல பெரிப்பா?"

"இன்னா கண்ணு இப்படிக் கேக்கற? புதுச் சாமைய சாமிக்கு வெக்காம நாம வாயில வெப்பமா? நம்ம வூட்டு டாக்டரு கைதான் மொதல்ல படணும். நீ வெள்ளிக்கெழம வருவன்னு அப்பன் சொன்னான். அதான் வெச்சிருந்தேன்."

வெச்சிருந்தாராம். கண்ணகிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. போன வருஷமே பெயில் என்று சொல்லியிருந்தால் இந்த மனுஷன் கட்டை குத்திய மறுநாளே ஜீப் ஏறியிருப்பார். இவளுடைய மானத்தை இவர் காலில் கட்டி, பன்னிரண்டு நாளாக அழுகவிட்டிருக்கிறாள்.

குனிந்து இரண்டு விரல்களை அந்தப் பாதத்தின் மேல் வைத்தாள். இந்தத் தடவை கை நடுங்கவில்லை. துடிப்பு இல்லை. சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. நல்ல காலைத் தொட்டதும் சட்டென்று துடித்தது.

"அப்பா, ஜீப்புக்குச் சொல்லுங்க. இப்பவே கள்ளக்குறிச்சிக்குப் போவணும்."

"நீ ஒரு மருந்து எழுதிக் குடுத்தா..."

"நான் டாக்டர் இல்லப்பா. பெயிலு. மூணு வாட்டி. போன வருசம் சொன்னது பொய்யி."

பெரியம்மா துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்பா தோளிலிருந்த பையைக் கீழே வைத்தார். அவளைப் பார்க்காமல் ஜீப்காரர் வீட்டுப் பக்கம் நடந்தார். நடை ஓட்டமானது.

ஜீப்பில் பின்சீட்டில் பெரியப்பாவின் கால் அவள் மடியில் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஒருமுறைகூடத் திரும்பவில்லை. கொண்டைஊசி வளைவுகளில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பெரியப்பா பல்லைக் கடித்தார். மூன்றாவது வளைவு தாண்டித்தான் வாய் திறந்தார்.

"பெயிலானா போவுது. திரும்ப எழுதினா ஆச்சு." பிறகு சின்னக் குரலில் கேட்டார். "இப்ப தொட்டுப் பாரு கண்ணு. ரத்தம் ஓடுதா?"

அவள் மறுபடி பாதத்தில் விரலை வைத்தாள், எடுக்கவேயில்லை. அதன் அடியில் ஏதோ துடித்தது. அழுத்திப் பிடிக்கும்போது தொடுகிறவரின் விரலே துடிக்கும் என்பது முதல் வருஷப் பாடம். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பெரியப்பா பதிலுக்காக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே சமவெளி தெரிய ஆரம்பித்திருந்தது.