ஏணியில் படிந்த தூசு

ஈஸ்ட் அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று தெருவில் சொல்வார்கள். அபாண்டம். நுனியில் இருந்தால் ஒரு தும்மலில் போயிருக்கும். அவள் கோபம் அடிவயிற்றுச் சரக்கு. வியாழக்கிழமை காலை அது தொண்டை வரைக்கும் வந்தது.

சோளத்தட்டை ஆலையில் அவளுக்கு வேலை. கதிர் அறுத்தபின் வீணாகும் தட்டையை அரைத்து, ஆவியில் வேகவைத்து, சர்க்கரைச் சாறாக்கி, ஈஸ்ட் விட்டு நொதிக்கவைத்து வடித்தால் எத்தனால். பெட்ரோலில் கலக்க டேங்கர் லாரி வந்து ஏற்றிப்போகும். நொதிக்கும் தொட்டிகள் மூன்றும் அவள் பொறுப்பு. தட்டைச் சாற்றில் கடை ஈஸ்ட் தாக்குப்பிடிக்காது. ஏழு வருஷம் அந்தச் சாற்றைத் துளித்துளியாகக் கொடுத்துப் பழக்கி, ஒரு ஈஸ்டை அவள் வளர்த்து வைத்திருந்தாள். புருஷனைக்கூட இவ்வளவு பொறுமையாகப் பழக்கவில்லை என்று அவளே சொல்வாள். புருஷனும் மறுத்ததில்லை.

மகளுக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு போட்டாள். இரண்டாம் தொட்டியை, ராவும் பகலும் அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள, கொழுந்தனிடம் விட்டாள். அவனுக்கு அந்த வேலையே இவள் சிபாரிசு. தெருவில் மட்டும் தன்னை சூப்பர்வைசர் என்று சொல்லிக்கொள்வான்.

"சாறு இப்ப அம்பத்தஞ்சு டிகிரியில இருக்கு. முப்பத்திரண்டுக்கு வந்தப்புறம்தான் ஈஸ்டை விடணும். ஈஸ்ட் விடற குழாய் கீழயே இருக்கு. ஆனா மீட்டர் தொட்டி மேல இருக்கு, ஏறிப் பாரு."

"அண்ணி, நான் என்ன சின்னப் பிள்ளையா?"

முப்பத்தெட்டு வயசு. சின்னப் பிள்ளை இல்லைதான். ஆனால் வீட்டில் பல்பு மாற்றணும் என்றால் அண்ணியைக் கூப்பிடுகிற ஆள். அதை அவள் அன்றைக்கு யோசித்திருக்க வேண்டும்.

வியாழன் காலை மாமியார் வாசலை மறித்து நின்றாள்.

"ரெண்டாம் தொட்டி புளிச்சுப் போச்சாம்மா. நீ குடுத்தது செத்த ஈஸ்ட்டுன்னு முதலாளி கத்தறாராம். ஆமான்னு தலையை ஆட்டிட்டு வந்துடேன். அவன் இப்பத்தான் ஒரு வேலையில நிக்கறான்."

"அப்ப நான் எதுல நிக்கறேன் அத்தை?"

மாமியார் வழிவிட்டாள். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் வழிவிடுவார்கள்.

ஆலைக்குள் நுழையும்போதே காடி வாடை அடித்தது. ஒரு தொட்டிச் சாறு முழுக்கப் பாழ். முதலாளி சுற்றி வளைக்கவில்லை.

"உன் ஈஸ்டைச் சாக்கடையில ஊத்து. இனிமே கடைப் பாக்கெட்தான். நாளையிலேருந்து நீ களத்துல தட்டை கட்டு."

ஏழு வருஷம். சாக்கடை. அவள் முதலாளியை விட்டுத் திரும்பியதைப் பார்த்து, பயந்துவிட்டாள் என்று கொழுந்தன் நினைத்தான். நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது. கொஞ்சம் சிரித்தும் தொலைத்தான்.

அவள் தொட்டி நோட்டைப் புரட்டினாள். நாலு மணிக்கொரு தரம் வெப்பம் பார்த்து எழுதவேண்டிய நோட்டு. 32, 32, 32... பன்னிரண்டு தடவை. கடைசி வரி அன்று காலை ஆறு மணி.

"ஒவ்வொரு தடவையும் ஏறிப் பாத்தியா தம்பி?"

"பின்ன? ஏறி ஏறிக் கால் ரெண்டும் விட்டுப்போச்சு அண்ணி."

"வாங்க சார்," என்று முதலாளியை இரண்டாம் தொட்டிக்கு இழுத்துப்போனாள். சுவரோடு பதினோரு படி இரும்பு ஏணி. அரவை மிஷினிலிருந்து பறக்கும் தட்டைத் தூசு அந்த ஆலையில் ஆளையே மூடிவிடும். ஏணியை விடுமா? ஒவ்வொரு படியிலும் மஞ்சளாக, மெத்தை போட்டதுபோல் படிந்திருந்தது. ஒரு கால் தடம் இல்லை. அவள் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலை முதலாளி மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"பன்னிரண்டு தடவை ஏறின கால் எங்க சார் பட்டுச்சு? பறந்து போனானா?"

கொழுந்தன் முகம் வெளுத்தது. "தொட்டியைத் தொட்டுப் பாத்தேன் அண்ணி... ஜில்லுன்னுதான் இருந்துச்சு..."

"ஜில்லுன்னுதான் இருக்கும்டா! அது ரெட்டைச் சுவர். நடுவுல ஓடறது ஆறவைக்கிற பச்சைத் தண்ணி. நீ தொட்டது அதை. உள்ள கொதிக்கிற சூட்டுல என் ஈஸ்டைக் கொட்டிக் கொன்னுட்டு, செத்ததைக் குடுத்தா அண்ணின்னு சொல்லியிருக்க!"

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "சரி சரி. இது உங்க குடும்ப விஷயம். வீட்டுல பேசித் தீத்துக்கோங்க."

"குடும்பமா? என்னைக் களத்துக்குப் போன்னு சொன்னப்ப அந்தக் குடும்பம் எங்க சார் போயிருந்துச்சு? இங்கயே தீரணும்." கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "ஏறு."

"அண்ணி..."

"ஏறுடா!"

அரவைக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். மூன்றாம் படியில் கண்ணை இறுக மூடி, ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவன் இறங்கியதும் பேனாவைக் கையில் திணித்து, பன்னிரண்டு எண்ணையும் அடிக்கவைத்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதவைத்தாள். அதன் கீழே முதலாளியைக் கையெழுத்துப் போடச்சொன்னாள். அவரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டே போட்டார். களம், பாக்கெட் என்ற பேச்சே அப்புறம் இல்லை. குளிர்பெட்டியில் அவள் பத்திரமாக எடுத்துவைத்திருந்த பாதி ஈஸ்டை வெளியே எடுத்து, மூன்றாம் தொட்டியின் மீட்டரை அவளே ஏறிப் பார்த்துவிட்டு, அதில் ஊற்றினாள்.

சாயங்காலம் மாமியார் கூடத்திலேயே காத்திருந்தாள். கொழுந்தன் அறைக்கதவு சாத்தியிருந்தது.

"எல்லார் முன்னாடியும் அவனை ஏணியில ஏத்தினியாமே?"

"மூணு படிதான் ஏறினான் அத்தை," என்றாள், செருப்பை உதறிக்கொண்டே, கதவுக்குள்ளும் கேட்கிற மாதிரி. "இன்னும் எட்டு பாக்கி. காலையில ஏழு மணி ஷிப்டு. எழுப்பி விட்டுடுங்க."