என் டிரைவர்

அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம், டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்களாம். அண்ணி போனில் சொன்னபோது அவள் பணிமனையில் பேருந்தை விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாவும் அவளும் முகம் கொடுத்துப் பேசிப் பல வருடங்கள் ஆகின்றன. அவர் பேர்போன மெக்கானிக். மீசை முளைக்கும் முன்பே மகனுக்கு ஸ்டீயரிங்கைக் கொடுத்தவர், மகள் பேருந்து ஓட்டப் போகிறேன் என்றதும் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"அந்த சீட்டுல உக்காந்தா இந்த வாசப்படிய மிதிக்காதே!"

அவள் உட்கார்ந்தாள், வாசற்படியை மிதிக்கவில்லை. வீம்பில் அப்படியே அப்பாவை உரித்து வைத்தவள்.

மறுநாள் காலை, தன் சின்னக் காரில் பிறந்த ஊருக்கு வந்து சேர்ந்தாள். அண்ணி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை வந்தே. உங்கண்ணன் வெளியூர்ல மாட்டிக்கிட்டாரு. இன்னிக்கு ஆஸ்பத்திரியில நீர் எடுக்கணும். வாடகைக் கார்க்காரன் கடைசி நேரத்துல கழுத்தறுத்துட்டான்."

அப்பா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். எஞ்சினையே தூக்கி வைத்த கைகள் குச்சியாகிக் கிடந்தன. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"பாத்தா தெரியல?" மூச்சு வாங்கியது. "பிரேக் கீச்சுனு கத்துச்சே, உன் வண்டியா?"

"ஆமா. மாத்தணும்."

"மாத்தணும்னு சொல்லிக்கிட்டே ஓட்டுறவ ஒரு டிரைவரா?"

அவளுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அந்த வண்டியிலதான் இப்ப உங்களக் கூட்டிட்டுப் போகப்போறேன். எழுந்திரிங்க."

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி மும்முரமாகப் போர்வையை மடித்தாள். வேறு வழியில்லாமல் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

முன்சீட்டில் உட்கார்ந்தவர், இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார்.

"ஹார்ன் அடி."

"பள்ளிக்கூடம்ப்பா. இங்க அடிக்கக் கூடாது."

பலகையைப் பார்த்துவிட்டுச் சாய்ந்துகொண்டார். அவருக்கு நெஞ்சு அதிராதபடி வேகத்தடைகளில் அவள் வண்டியைப் பூப்போல ஏற்றி இறக்கினாள்.

"உன் பஸ்ஸுலேர்ந்து எறங்குறப்போ ஜனங்க திட்டுவாங்களா?" என்றார் திடீரென்று.

"சில பேரு திட்டுவாங்க. சில பேரு தேங்க்ஸ் சொல்லுவாங்க."

"எத்தன வண்டி சரி பண்ணிக் குடுத்தேன். எனக்கு ஒரு பயலும் சொன்னதில்ல." சிரிக்கப்போய் இருமினார்.

சிக்னலில் நின்றபோது திரும்பிப் பார்த்தாள். தூங்கிவிட்டிருந்தார். வண்டியை யார் ஓட்டினாலும் கொட்டக் கொட்ட விழித்துக் குற்றம் கண்டுபிடிக்கிற மனுஷன், வாய் லேசாகத் திறந்திருக்க, குழந்தை போல். பின்சீட்டிலிருந்து அண்ணியும் எட்டிப் பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை அணைக்காமல் அவள் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நீரை எடுத்தபின் மூச்சு சீரானது. டாக்டர்கள் சொன்னதைத் தாண்டி அந்த மழைக்காலம் முழுக்க இருந்தார். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் அவள் வந்தாள். பழைய சண்டையின் பேச்சை இருவரும் கடைசிவரை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று அண்ணன் கார்ச் சாவியை எடுத்தால் மட்டும், "இருடா, என் டிரைவர் வரட்டும்" என்பார்.