ராஜாவின் கழுத்தில் ஒரு கீறல்

பனமலை ஏரியில் கிடைத்ததென்று தம்பி அலெக்ஸ் கொடுத்துவிட்டுப் போன ரோமானிய வெள்ளிக் காசைத் தண்ணீரிலிருந்து எடுத்து, இருதயமேரி லென்சுக்கு அடியில் வைத்தாள். பழங்காசைச் சுத்தம் செய்து, எந்த ராஜா என்று கண்டுபிடிப்பதில் அவளுக்கு அப்படியொரு பைத்தியம்.

ஊசி பட்டதுமே மண் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாயிரம் வருஷத்து மண் இவ்வளவு லேசில் விடுமா என்ன? கூர்மூக்கும் இலைக் கிரீடமும் தெரிந்தன. டைபீரியஸ்! அவளிடம் ஏற்கெனவே ஒன்று உண்டு. கழுத்துக்கு வந்தவள் ஊசியை நிறுத்தினாள். காதுக்குக் கீழே சாய்வாக ஒரு கீறல்.

அந்தக் கீறலைப் போட்டவளே அவள்தான். போன வருஷம் தன் சொந்தக் காசைச் சுத்தம் செய்தபோது ஊசி வழுக்கி விழுந்த கீறல். அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அது ஏரியில் கிடந்த காசுக்கு எப்படி வந்தது?

அலெக்ஸ் விழுப்புரத்தில் பல் செட் செய்கிறவன், அச்செடுப்பதில் கெட்டிக்காரன். பொங்கலுக்கு வந்தபோது, நண்பர்களிடம் காட்டுவதாகச் சொல்லி அவள் காசை வாங்கிப் போயிருந்தான். அவன் திருப்பித் தந்த பொட்டலத்தை அவள் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

பீரோவைத் திறந்து அதைப் பிரித்தாள். அதே கீறல். விளிம்பைத் திருப்பினாள். சம்மட்டியால் அடித்துச் செய்த அந்தக் காலத்துக் காசில் இருக்கவே கூடாத வார்ப்புக் கோடு, அச்சில் உருக்கி ஊற்றினால் மட்டுமே விழுவது, இரண்டிலும் சுற்றி ஓடியது.

போன் அடித்தது.

“ஒரிஜினல்தானேக்கா? உன் கண்ணுல பாஸாயிட்டா எவன் கண்ணுலயும் பாஸ்தான்.”



“என் காசு எங்கடா?”