கரைக்கு மழைதான்

பிடிக்காத கணிப்பு வந்தால் அதைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போடுவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். நிஜமாகவே போடுவோம். ஹாரோ முனையில் புயலைத் துரத்தும் பைத்தியங்கள் நாங்கள் அரை டஜன் பேர். டோரி சாப்பாட்டுக் கடையின் பின்மேஜையில் மடிக்கணினிகளைத் திறந்து வைத்து, வானிலையைக் கணிக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டர் மாடலின் வரைபடமும் வர வரப் பார்ப்போம். பனி காட்டினால் மேஜையைக் குத்துவோம். மழை காட்டினால் ஒரு காகிதத் துடைப்பானைக் கசக்கி, அந்த மாடலின் பெயரைச் சொல்லித் தொட்டிக்குள் எறிவோம். சரியாக விழுந்தால் கைதட்டல். நானும் எறிந்திருக்கிறேன். எனக்கு நன்றாகவே குறி வரும்.

டிசம்பர் முதல் வாரத்து வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று வடகிழக்குப் புயல் ஒன்று கடல் வழியாக மேலேறி வரப்போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எவ்வளவு தள்ளிப் போகும் என்பதுதான் கேள்வி. தள்ளிப் போனால் காற்று நிலத்திலிருந்து வீசும், முழுக்கப் பனி. கரையை ஒட்டி வந்தால் கடல்காற்று புகுந்து எல்லாவற்றையும் மழையாக்கிவிடும்.

அமெரிக்க மாடல் முதலில் வந்தது. எங்கள் ஊர்மேல் அடர்நீலம்; பதினெட்டு அங்குலப் பனி. தபால்காரன் ஆர்னி மேஜையைக் குத்திய குத்தில் என் சூப் சிந்தியது. பனியை அளக்க முற்றத்தில் வைக்கும் பலகைக்குப் புதிதாக வெள்ளை அடித்து, அதைக் கடைக்கே தூக்கி வந்திருந்தான். பெயிண்ட் நாற்றம் சூப்பை மிஞ்சியது.

சாப்பாட்டுக்கு அப்புறம் ஐரோப்பிய மாடல் வந்தது. கரை நெடுக ஒரே பச்சை. பச்சை என்றால் மழை.

"யாரு வச்ச கண்ணுடா இது?" என்றான் ஆர்னி.

"பதறாத. இவன் எப்பவும் புயலக் கரைய ஒட்டியே இழுப்பான். தூக்கிப் போடு." விட் ஆல்ட்ரிஜ் ஒரு துடைப்பானைக் கசக்கி என்னிடம் நீட்டினார். "பாப்பா, இத நீ எறி."

விட் எங்கள் ஊரின் பல் டாக்டர். கோணல் பல்லுக்குக் கம்பி கட்டுவார். அது போக இணையத்தில் ஒரு வானிலைப் பக்கம் நடத்துகிறார். அவர் அதில் எழுதுவதைப் பார்த்துத்தான் கடைகளில் பாலும் ரொட்டியும் தீரும். நகராட்சிக்காரர்களும் அதைத்தான் படிக்கிறார்கள்.

நான் கை நீட்டவில்லை. "கடல் தண்ணி இன்னும் நாப்பத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்ல இருக்கு விட். கடல்ல கிடக்கிற வானிலை மிதவையோட அளவப் பாருங்க. கிழக்கிருந்து காத்தடிச்சா அந்தச் சூடு நேரா நம்ம தலைமேலதான் வரும். புயல் வேற நகராம நிக்கும்னு காட்டுது. அன்னைக்குப் பௌர்ணமி, கடல் ஏத்தமும் பெருசா இருக்கும். பனியெல்லாம் உள்நாட்டுக்குத்தான். நமக்கு வெள்ளம்."

"காலேஜ் புஸ்தகத்த மூடி வை பாப்பா. பனிமேல ஆசை இல்லாதவ இந்த மேஜைக்கு எதுக்கு வர்ற?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பனிமேல் எனக்கு இல்லாத ஆசையா? எட்டு வயதில் ஜன்னலோரம் தெருவிளக்கைப் பார்த்தபடி, முதல் பனிச்செதிலுக்காகத் தூங்காமல் கிடந்தவள் நான். என் அம்மா அசோர்ஸ் தீவிலிருந்து வந்து, இந்த ஊர் மீன் கொட்டகையில் ஐஸுக்குள் கைவிட்டு விட்டே விரல் மரத்துப்போனவள். அந்தக் கை வளர்த்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். வாங்கியது வானிலையில். பார்ப்பது படகுப் பட்டறையில் போன் எடுக்கும் வேலை. பல்லுக்குக் கம்பி கட்டுகிறவர் வானத்தைப் பற்றிச் சொன்னால் ஊர் கேட்கும்; வானத்தைப் படித்தவள் சொன்னால் பாப்பா.

விட் தானே எறிந்தார். தொட்டியின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. ஆர்னி எடுத்து உள்ளே போட்டான்.

சாயங்காலம் அவர் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தது: பதினெட்டு அங்குலம், சந்தேகமே வேண்டாம்.

*

நான் வீட்டுக்குப் போனபோது அண்ணன் நெலோ தன் லாரியின் முன்னால் மாட்டிய பனி தள்ளும் தகட்டுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தான். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத லாரி. பனிக்காலம் முழுக்க நகராட்சிக்குச் சாலையில் பனி தள்ள ஒப்பந்தம் போட்டிருந்தான்.

"எங்க நிக்கச் சொல்லியிருக்காங்க?"

"வேற எங்க? பீச் வண்டி நிறுத்தத்துலதான். ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணிக்கு. கரைச்சாலைலருந்துதான தள்ள ஆரம்பிப்போம்."

அந்த நிறுத்தம் ஒரு மணல்திட்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புச் சதுப்பு. உள்ளே போக, வெளியே வர, சதுப்புக்கு நடுவே ஓடும் ஒற்றைச் சாலைதான் வழி. சாதாரண பௌர்ணமிக்கே அதன் ஓரம் நனையும். பனி எப்போது பிடிக்கும் என்று காத்துக்கொண்டு இருபது டிரைவர்கள் அங்கே வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடப்பார்கள்.

"அங்க போகாத நெலோ. மத்தியானம் ஏத்தம் வரும்போது ரோடு முங்கிடும். அப்புறம் எப்படி வெளிய வருவ?"

"நீந்தி."

"விளையாடாத."

"நீ விளையாடாத டீலியா. அந்த நேரத்துக்கு அங்க இல்லாதவனுக்கு இந்தச் சீசன்ல இடம் கிடையாது. வெளிய அம்பது பேர் நிக்கிறான். பல் டாக்டரே பனின்னு சொல்லிட்டாரு, உனக்கு என்ன வந்துச்சு?"

"பல் டாக்டர் சொல்றாரு, உன் தங்கச்சி சொல்லலையே."

"என் தங்கச்சி போன வருஷம் சொன்ன பனி எங்க போச்சுன்னே இன்னும் தெரியல."

அது உண்மை. யாருக்கும் கணிப்பு தப்பும். ஆனால் அப்போது நான் பனி வேண்டும் என்று பார்த்தேன். இப்போது கடலைப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை நகராட்சிக் கொட்டகைக்குப் போய், சாலை வேலைகளுக்குப் பொறுப்பான கெயில் ஹாஸ்கின்ஸைப் பிடித்தேன். சாலையில் தூவும் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே கேட்டாள்.

"வண்டிகள மேட்டுல ஸ்கூல் மைதானத்துல நிறுத்துங்க கெயில். பனி வந்தாலும் அங்கருந்து அஞ்சு நிமிஷம்தான்."

"உங்க கூட்டத்துக்காரர்தான பனின்னு எழுதியிருக்காரு? நீங்களே ஒருத்தரோட ஒருத்தர் ஒத்துப்போகல. நான் யாரக் கேக்க?"

"என்னக் கேளுங்க."

"சரிம்மா. அப்ப அவரு எழுதுனது தப்புன்னு அவரையே எழுதச் சொல்லு. மாத்துறேன்."

விட்டுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவர் பக்கத்தின் கீழே எழுதினேன். "ஒப்பாரி வைக்க வேற எடம் பாரு" என்று யாரோ போட்டார்கள். அதற்கு முப்பது சிரிப்பு முகங்கள். அன்று வந்த அமெரிக்க மாடலும் புயலைக் கொஞ்சம் உள்ளே இழுத்திருந்தது. அதையும் தொட்டியில் போட்டுவிட்டார்கள்.

நான் சொல்லிப் பார்த்தாயிற்று. இனிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

*

ஞாயிறு காலை டிரைவர்கள் வருவதற்கு முன்னால் என் பழைய காரைக் கொண்டுபோய், சதுப்புச் சாலை தொடங்கும் இடத்தில் குறுக்கே நிறுத்தினேன். இரண்டு பக்கமும் பள்ளம். ஒரு சைக்கிள்கூட நுழைய இடமில்லை. சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு காரின் முன்னால் நின்றேன்.

சரியாக அப்போதுதான் பனி தொடங்கியது. அதுவும் எப்படி! கட்டைவிரல் நகம் அளவு செதில்கள், காற்றே இல்லாமல், நேராக. பத்து நிமிடத்தில் சாலை வெளுத்தது. என் பின்னால் இருந்த கடல் மறைந்தது. லாரிகள் ஒவ்வொன்றாக வந்து வரிசை கட்டின. டிரைவர்கள் தலையை வெளியே நீட்டினார்கள்.

"வெள்ளம் எங்க தாயி? ஒரு வாளி கொண்டு வரவா?"

"ஏய் நெலோ, உன் தங்கச்சிக்குக் குளிரடிக்குது, ஒரு மிதவை குடு!"

விட் பளபளக்கும் சிவப்புச் சட்டையோடு வந்து, செல்போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நேரலை பேசினார். "நண்பர்களே, சொன்னேன்ல! கடற்கரையிலேயே கொட்டுது!" என்னைப் பார்த்ததும் கேமராவைத் திருப்பினார். "இங்க நம்ம பாப்பா கொஞ்சம் கோவமா நிக்கிறாங்க."

நெலோ இறங்கி வந்தான். முகம் சிவந்திருந்தது. அவன் கையில் சங்கிலி.

"வண்டிய எடு."

"மாட்டேன்."

"ஊரே சிரிக்குது டீலியா. என் பொழப்புல மண்ணள்ளிப் போடாத."

"போடத்தான் போடுவேன். நீ உயிரோட இருந்து என்னத் திட்டு."

அவன் சங்கிலியைக் காரின் பின்பக்கம் மாட்டினான், லாரியில் ஏறினான், பின்னால் இழுத்தான். கார் வழுக்கி, பின்சக்கரங்கள் இரண்டும் பள்ளத்தில் இறங்கின. மூக்கு மட்டும் சாலையில் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு இழுப்பு இழுத்தால் வழி விட்டுவிடும். நான் போய்க் காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டேன்.

கெயில் வந்து கண்ணாடியைத் தட்டினாள். "போலீஸக் கூப்பிடவா?"

கண்ணாடியை விரல் அளவு இறக்கினேன். "கூப்பிடுங்க. ஆனா ஒண்ணு கேளுங்க. இன்னும் ஒரு மணி நேரத்துல இது ஐஸ் குருணையா மாறும். அப்புறம் மழை. அப்புறம் கிழக்கிருந்து காத்து. இதே வரிசைல. மாறலைன்னா நானே இறங்கி வந்து எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன், வானிலைன்னு இனி வாயே திறக்க மாட்டேன். தள்றதுக்கு இன்னும் பனியே சேரல. இங்கயே நின்னா உங்களுக்கு என்ன குறையப்போகுது?"

அவள் வானத்தைப் பார்த்தாள். தரையில் பூட்ஸால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். ஒரு அங்குலம்கூட இல்லை. "ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது," என்று சொல்லிவிட்டு, நெலோவைச் சங்கிலியைக் கழற்றச் சொன்னாள்.

அந்த ஒரு மணி நேரம்போல் நான் எதையும் அனுபவித்ததில்லை. கண்ணாடியில் செதில் செதிலாக ஒட்டுகிறது. கொள்ளை அழகு. இது மாறக் கூடாது, இப்படியே நாள் முழுக்கப் பெய்ய வேண்டும் என்று மனசின் ஒரு பாதி கெஞ்சுகிறது. நான் தோற்றால்கூடப் பரவாயில்லை என்கிறது. போனில் மிதவையின் காற்றுத் திசையை மறுபடி மறுபடி திறந்து பார்த்தேன். வடக்கு. வடக்கு. வடகிழக்கு. செதில்கள் சிறுத்தன. வடகிழக்கு. பிறகு கிழக்கு.

கார் கூரையில் யாரோ ஒரு பிடி அரிசியை எறிந்ததுபோல் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்து கையை நீட்டினேன். குருணை. உள்ளங்கையில் துள்ளியது. லாரிகளில் பாட்டுச் சத்தம் நின்றது. டிரைவர்கள் இறங்கி, தங்கள் தோள்களைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். காற்று கடல் பக்கமிருந்து ஒரு அறை அறைந்தது. அந்தக் காற்றில் குளிரே இல்லை. அடுத்த கால்மணியில் மழை. வெறும் மழை. சாலையின் வெள்ளை கரைந்து ஓடியது.

விட் நேரலையை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை. அவர் கார் போயிருந்தது.

கெயில் தன் பாஷையில் நல்லதாக நாலு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு கையைச் சுழற்றினாள். "எல்லாரும் திருப்புங்க! ஸ்கூல் மைதானம்! ஒரு வண்டி இங்க நிக்கக் கூடாது!" இருபது லாரிகளும் பின்னோக்கி நகர்ந்து, முட்டி மோதி, திரும்பி, மேடேறின. அவள் என்னிடம் நன்றி சொல்லவில்லை. "அடுத்த தடவ எனக்கு எழுத்துல குடு," என்றாள். போய்விட்டாள்.

மத்தியானம் மேட்டிலிருந்து பார்த்தோம். பீச் நிறுத்தம் இல்லை. குப்பைத்தொட்டிகளும் காவலர் குடிலும் சதுப்புக்குள் மிதந்து வந்தன. சாலை இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தண்ணீர் ஒரே வீச்சாகக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் இறங்கிய என் காரின் கூரை மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

நெலோ என் பக்கத்தில் நின்றான்.

"நான் இழுத்ததாலதான பள்ளத்துல மாட்டுச்சு."

"ஆமா."

"இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லலாம்ல?"

"எதுக்குச் சொல்லணும்? நீதான இழுத்த."

அவன் மூக்கை உறிஞ்சினான். என் போன் அதிர்ந்தது. விட்டின் பக்கம்: கரையில் மழை கலக்க வாய்ப்பு உண்டென்று நாம் முதலிலிருந்தே சொல்லி வந்தோம், நண்பர்களே. கீழே நூற்றுக்கணக்கில் நன்றிகள். போனைத் தண்ணீரில் வீச வேண்டும்போல இருந்தது. வீசவில்லை. வரைபடத்தைத் திறந்தேன்.

"மேற்க உள்நாட்டுல பனி வெளுத்து வாங்குது நெலோ. வூஸ்டர் மேட்டுல இப்பவே ஒரு அடி. அங்க ஆள் பத்தாம திண்டாடிட்டு இருப்பாங்க. யாரையாவது தெரியுமா?"

"தெரியும். ஒரு காண்ட்ராக்டர் இருக்கான்." லாரிக் கதவைத் திறந்தான். "இந்தத் தடவையாவது நிஜமாவே பனிதானா?"

"மழை எங்க முடியுது, பனி எங்க ஆரம்பிக்குதுன்னு ரோட்டுக் கணக்காச் சொல்றேன். தப்பா இருந்தா நடுவழில இறக்கி விட்டுரு."

"உனக்குக் காரும் இல்ல. நடந்துதான் வரணும்."

"ஏறு, ஏறு. பேச்சக் குறை," என்றேன்.

கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போனோம். லாரியின் கண்ணாடித் துடைப்பான் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவது ஊரைத் தாண்டியதும், நான் சொன்ன பெட்ரோல் பங்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே, கண்ணாடியில் விழுந்த துளி ஒன்று ஓடாமல் வெள்ளையாக அப்படியே நின்றது. நெலோ அதையே பார்த்தான். முன்னால் குனிந்து பனித்தகட்டின் விளக்கைப் போட்டான்.