நாற்பத்தொரு பேருக்கு ஒரே எண்

“எல்லாத்தையும் அழிச்சிடும்மா. இன்னிக்கே” என்று மேலாளர் சொன்னபோது அவர் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒன்பது வருடமாக இந்த மனிதரிடம் வேலை பார்க்கிறேன். விடுப்பு கேட்டால் “ஆகட்டும், பார்க்கலாம்” என்பார். சர்வர் அறையில் ஏசி ஒழுகுகிறது என்றாலும் “ஆகட்டும், பார்க்கலாம்” என்பார். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே அதுதான். அப்பேர்ப்பட்ட ஆளின் வாயிலிருந்து முதல் தடவையாக ஒரு நேரான உத்தரவு வருகிறது. வந்ததும் வந்தது, இப்படியா வரவேண்டும்!

எங்களுடையது தேர்வு மையம். லிஃப்ட் மெக்கானிக்குகளுக்கு உரிமம் கொடுக்கிற தேர்வை நாங்கள்தான் நடத்துகிறோம். தேர்வு எழுத வருகிறவர்கள் முன்னால் ஒரு திரையும் விசைப்பலகையும் இருக்கும், அவ்வளவுதான். கணினி என்று தனியாக ஒன்றும் மேசைக்குக் கீழே கிடையாது. எல்லாக் கணினிகளும் உள்ளறையில் இருக்கிற ஒரே பெரிய சர்வருக்குள் மென்பொருளாக ஓடுகின்றன. முதலில் ஒரு தாய் இயந்திரத்தைத் தயார் செய்வேன். அதில் தேர்வு மென்பொருளை ஏற்றி, சரிபார்த்து, அணைத்துவிட்டு, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி கட்டளை அடிப்பேன். ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை என்று சொன்னால் போதும், நாற்பத்தொரு நகல்கள் வரிசையாகப் பிறந்து நிற்கும். மவுசைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகலெடுக்கிறவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள் என்பது என் கட்சி. இந்தத் திமிர் எனக்கு உண்டு, மறைக்கவில்லை.

அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது. தேர்வு மென்பொருள் முதல் தடவை ஓடும்போது தன் இயந்திரத்துக்கென்று ஒரு நீளமான எண்ணை உருவாக்கிக்கொள்ளும். அதனால் தாய் இயந்திரத்தில் மென்பொருளை ஓட்டிப் பார்த்தால், நகலெடுக்கும் முன் அந்த எண்ணைத் துடைத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு நகலும் தனக்குத் தானே புது எண் எடுத்துக்கொள்ளும். இந்த விதியை எழுதி அலுவலகம் முழுக்க அனுப்பியவளே நான். தேர்வுக்கு முந்தைய நாள், உரிமம் தரும் அரசுத் துறையிலிருந்து யாரோ பார்வையிட வந்தார்கள். “ஒரு தடவை ஓட்டிக் காட்டும்மா” என்றார் மேலாளர். ஓட்டிக் காட்டினேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் அணைத்தேன், கட்டளையை அடித்தேன், நாற்பத்தொன்றும் நான்கே நிமிடத்தில் வந்ததைப் பார்த்து எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். எண்ணைத் துடைக்க மறந்துபோனேன். நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஒரே பிறப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்த மாதிரி.

விடைத்தாள்கள் துறைக்குப் போயின. அங்கே இருந்த மென்பொருள் பார்த்தது. எல்லா விடைத்தாளிலும் ஒரே இயந்திர எண். யாரோ ஒருவர் ஒரே இடத்தில் உட்கார்ந்து நாற்பத்தொரு பேருக்கும் எழுதித் தந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டது. எல்லாம் ஒரே கணினியில் எழுதப்பட்டதால் தேர்வு ரத்து, மூன்று வருடத்துக்கு அவர்கள் யாரும் திரும்ப எழுத முடியாது என்று நோட்டீஸ் போனது. விடைகள் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கின்றனவே என்று ஒருத்தர் புரட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? மென்பொருள் சொல்லிவிட்டதாம். அதற்கு மேல் மனிதனுக்கு என்ன வேலை!

நோட்டீஸ் வந்த மறுநாளே ஒரு பெண் எங்கள் வரவேற்பறையில் வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயது இருக்கும். உள்ளங்கையில் கிரீஸ் கறை, தேய்த்தும் போகாதது. பதினெட்டு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறாளாம். உரிமம் இல்லாததால் இன்னொருத்தரின் பெயரில் கையெழுத்து விழுகிறது, வேலை இவள் செய்கிறாள். இது மூன்றாவது முயற்சி.

“ஏம்மா, ஒரு பொட்டி முன்னாடி நாப்பத்தோரு பேர் எப்படி உக்கார முடியும்? லிஃப்ட்லயே எட்டுப் பேருக்கு மேல ஏறினா மணி அடிக்குது” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே, நான் துடைக்காமல் விட்ட எண் ஞாபகத்துக்கு வந்தது. உள்ளே ஓடிப்போய் ஒரு நகலைத் திறந்து எண்ணைப் பார்த்தேன். இன்னொன்றைத் திறந்தேன். மூன்றாவதைத் திறக்கவே தேவையில்லை. நேராக மேலாளரிடம் போய், “சார், தப்பு என்னோடது. அவங்க யாரும் காப்பியடிக்கல” என்றேன். அவர் கதவைச் சாத்தினார். அப்புறம்தான் அந்த உத்தரவு வந்தது.

“முப்பது நாள் நகல்களை வச்சிருக்கணும்னு நீங்களே போட்ட விதி இருக்கு, சார். பன்னெண்டு நாள்தான் ஆகுது.”

“இடம் பத்தலன்னு எழுதிக்கலாம். விசாரணைக் குழு வெள்ளிக்கிழமை வருது. உன்ன ரெண்டு நிமிஷம் கூப்பிடுவாங்க. இயந்திரத்துல குறை எதுவும் இல்லன்னு மட்டும் சொல்லு. அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கில்ல?”

ஞாபகம் இல்லாமலா? அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த அந்தப் பாசத்தை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது. அதட்டியிருந்தால்கூடப் பயந்திருப்பேனோ என்னவோ. “பார்க்கிறேன் சார்” என்று அவர் பாணியிலேயே சொல்லிவிட்டு வந்தேன். எதையும் அழிக்கவில்லை.

சாயங்காலம் காய் நறுக்கிக்கொண்டே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேருந்து ஓட்டுகிறவர். சாலையில் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் வீட்டில் குரலை உயர்த்தாதவர்.

“வாய மூடிக்கிட்டு இருந்தா வேலை இருக்கும்” என்றார்.

“அப்ப இருக்கச் சொல்றீங்களா?”

“நான் எங்க சொன்னேன்? நான் சொல்லி நீ எப்ப கேட்டிருக்க? நாளைக்குக் கண்ணாடி பார்க்கறப்ப மூஞ்சியத் திருப்பிக்காம இருக்கணும், அவ்வளவுதான். நான் இன்னொரு ஷிப்ட் எடுத்துக்கறேன்.” சொல்லிவிட்டு என் கையிலிருந்த கத்தியை வாங்கி அவரே நறுக்க ஆரம்பித்தார். நான் விரலை வெட்டிக்கொள்வேன் என்று பயந்திருக்கலாம். அழுகை வந்தது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பயிற்சி அறையில் விசாரணை நடந்தது. குழுவில் மூன்று பேர். நடுவில் தலைவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே தேடுகிற வயதுக்காரர். தேர்வு எழுதியவர்கள் சார்பில் லிஃப்ட் மெக்கானிக் அக்கா வந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், கைகளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள். மேலாளர் ஒரு கோப்போடு சுவர் ஓரம் நின்றார். என்னைக் கூப்பிட்டார்கள்.

“இயந்திரங்கள்ல ஏதாவது குறை இருந்துச்சா?” என்று கேட்டார் தலைவர்.

“இயந்திரத்துல இல்ல, சார். என்கிட்ட இருந்துச்சு.”

மேலாளர், “இல்ல சார், அவங்க கொஞ்சம் பதட்டமா...” என்று ஆரம்பித்தார்.

“எனக்கு ஒரு பதட்டமும் இல்ல” என்றேன். “நான் சொல்றத நம்ப வேணாம், சார். ரெண்டு நிமிஷம் குடுங்க, காட்டறேன். அந்த நாப்பத்தோரு நகலும் அப்படியே இருக்கு. அழிக்கச் சொன்னாங்க, நான் அழிக்கல.”

தலைவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கோப்பைப் பார்த்தார். நான் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. சுவரில் பெரிய திரை, முன்னால் விசைப்பலகை, உட்கார்ந்துவிட்டேன். கறுப்புத் திரை வந்தது. முதலில் தாய் இயந்திரத்திலிருந்து அவர்கள் கண்ணெதிரே இரண்டு புது நகல்கள் எடுத்தேன். எண்ணைக் கேட்டேன். இரண்டிலும் ஒன்றே. பிறகு எண்ணைத் துடைத்துவிட்டு இன்னும் இரண்டு எடுத்து ஓட்டினேன். வெவ்வேறு எண்கள். குழுவில் இளையவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

“தாயை நகலெடுக்கறதுக்கு முன்னாடி இத செய்யணும், சார். நான் செய்யல. தண்டனை குடுக்கணும்னா எனக்குக் குடுங்க. நோட்டீஸ்ல என் பேர எழுதுங்க. இவங்க மூணு வருஷம் சும்மா உக்கார்றதுக்கு இவங்க என்ன பண்ணாங்க?”

“இதுக்கப்புறம் உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் தர முடியாது” என்றார் தலைவர். மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

“நான் அதக் கேக்கலயே, சார்.”

“ஸ்க்ரீன அணைச்சிடும்மா, போதும்” என்று மேலாளர் சுவிட்சை நோக்கி வந்தார். அதற்குள் நான் கடைசி வரியை அடித்துவிட்டேன். தேர்வன்று ஓடிய எல்லா நகல்களையும் திறந்து, எழுதியவர் பெயரையும் எண்ணையும் ஒவ்வொன்றாகக் காட்டு என்று. திரையில் வரிகள் இறங்கத் தொடங்கின. ஒரு பெயர், ஓர் எண். அடுத்த பெயர், அதே எண்.

மேலாளரின் கை சுவிட்சுக்கு எட்டவில்லை. லிஃப்ட் அக்கா எழுந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள், சுவிட்ச் அவள் முதுகுக்குப் பின்னால். “நகருங்கம்மா” என்றார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து உதடசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். தலைவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு திரைக்கு அருகில் வந்து, ஒரு விரலை முதல் வரியில் வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார். பதினேழாவது வரி வந்ததும், “அது நான்” என்றாள் அவள், சத்தமாக. அவர் விரல் அங்கே நின்றது. வரிகள் அதற்குக் கீழே இன்னும் இறங்கிக்கொண்டே இருந்தன.